செட்டிகுளத்துச் செட்டியும் நாட்டுக்கோட்டை நகரத்தாரும்: ஒரே மரபா?

குளக்கட்டு (செட்டிகுளம்) எழுதியது:

எங்கள் வாசிகசாலை ஊர் வரலாற்றுச் சிறுநூல் ஒன்றைத் தொகுத்து வருகிறது. அதன் முதற்படியில், செட்டிகுளத்தை நிறுவியவர்கள் செட்டிநாட்டுச் செட்டியார்களாகிய நாட்டுக்கோட்டை நகரத்தார் என்றும், காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளைக் கட்டிய அதே மரபினரே இந்தக் குளத்தையும் வெட்டினார்கள் என்றும் ஒரு வாக்கியம் இடம்பெற்றிருக்கிறது. வாசிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சுக்குப் போகுமுன் இதை அறிந்தவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து வந்த வீரநாராயணச் செட்டி என்னும் வணிகர் குளத்தை வெட்டிச் சந்திரசேகரர் கோயிலையும் எடுப்பித்தார் என்பதே எங்கள் பக்கத்தில் வழங்கும் ஐதீகம். அதில் நாட்டுக்கோட்டையும் இல்லை, காரைக்குடியும் இல்லை. செட்டி என்ற பெயர் இருந்தால் எல்லாரும் ஒரே சமூகம்தானா? நகரத்தாருக்கும் நமது வன்னிக்கும் உண்மையில் இருந்த தொடர்பு என்ன? சாதிப் பெருமை பேசுவது என் நோக்கமன்று. யாருடைய செயலை யாருடைய கணக்கில் எழுதுகிறோம் என்பதுதான் என் கவலை.

மாந்தைமணல் (மன்னார்) எழுதியது:

சிறுநூல் ஆசிரியராகிய குளக்கட்டு ஐயா தயங்கியது சரி. ஈழத்து வரலாற்றில் செட்டி என்ற பெயரின் கீழ் குறைந்தது மூன்று வெவ்வேறு கூட்டத்தார் வந்து போகிறார்கள்.

முதலாவது, இடைக்கால வணிக கணங்கள். ஐந்நூற்றுவர், நானாதேசிகள், வளஞ்சியர், மணிக்கிராமத்தார் என்று கல்வெட்டுகள் பேசுகின்றவர்கள் இவர்களே. இவர்கள் ஒரே சாதியினர் அல்லர். பல ஊர்களையும் பல மொழிகளையும் சேர்ந்த வணிகர்கள் ஒரு பெயரின் கீழ் இயங்கிய கூட்டமைப்பினர். தங்களை ஐம்பொழில் பரமேசுவரியின் மக்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். சொந்தக் காவற்படையும் வைத்திருந்தார்கள். சுமத்திராவின் பாரூசில் 1088 ஆம் ஆண்டுக்குரிய இவர்களது தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் பக்கத்தில் பதவியாவிலும் வாகல்கடவிலும் பொலன்னறுவையிலும் இவர்களது தடங்கள் உள்ளன. பேராசிரியர்கள் இந்திரபாலா, பத்மநாதன் ஆகியோர் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, இத்தீவிலேயே தலைமுறைகளாக வேரூன்றிவிட்ட செட்டிகள். கொழும்புச் செட்டிகள் இவர்களில் ஒரு பிரிவினர். பெரும்பாலோர் கிறித்தவர்களாகி, காலப்போக்கில் தனிச் சமூகமாகவே அடையாளம் பெற்றார்கள். 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி கற்பிட்டியில் பிறந்தவர். ஒல்லாந்தர் காலத்தின் இறுதியில் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலைக் கட்டுவித்த வைத்திலிங்கச் செட்டியாரை யாழ்ப்பாணத்தில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

மூன்றாவதாக வருபவர்களே நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர்கள் இங்கே வட்டித் தொழிலுக்கு வந்தது பிரித்தானியர் ஆட்சியில், 19 ஆம் நூற்றாண்டில். உங்கள் ஐதீகத்துச் செட்டியார் எந்த நூற்றாண்டினராக இருந்தாலும், இந்த மூன்றாம் கூட்டத்தில் அவரைச் சேர்ப்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை.

நெடுங்கேணியான் எழுதியது:

பதவியா எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்று அது அனுராதபுர மாவட்டம் என்றாலும், அந்தக் காட்டுவெளிக்கு மாவட்ட எல்லை எங்கே தெரியப் போகிறது? அங்கே வணிக கணங்களின் கல்வெட்டுகள் இருப்பது பற்றி எனக்கு விவாதமில்லை. எனக்கு உள்ள வினா வேறு. நகரத்தாரின் மரபு என்று எதைப் போற்றச் சொல்கிறீர்கள்? காரைக்குடி ஆயிரம் சன்னல் வீட்டையா? பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடித் தரையும் எந்தப் பணத்தில் வந்தன? வட்டிப் பணத்தில்தானே வந்தன? அதையும் சேர்த்து எழுதாத வரலாறு எனக்கு விளம்பரமாகவே தெரிகிறது.

பேரேடு (வவுனியா) எழுதியது:

தம்பி நெடுங்கேணியான் கேட்டது நியாயமான கேள்வி. கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையின் கணக்குப் பகுதியில் இளமைக் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சிலவற்றை எழுதுகிறேன். நான் நகரத்தார் சமூகத்தவன் அல்லன்; அவர்களிடம் கணக்கு எழுதப் பழகிய ஒருவரிடம் கணக்கு எழுதப் பழகியவன், அவ்வளவுதான்.

முதலில் அவர்களது அமைப்பைச் சொல்ல வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்குப் பெயர்ந்து வந்தவர்கள் என்பது அவர்களது குலவரலாறு. ஒரு காலத்தில் 96 ஊர்களில் வாழ்ந்தார்கள் என்றும், அவை சுருங்கி இப்போது ஏறத்தாழ 75 ஊர்கள் என்றும் சொல்வார்கள். அவை சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருக்கின்றன. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது சிவன்கோயில்களுள் ஏதேனும் ஒன்றைச் சேராத நகரத்தார் குடும்பம் இல்லை. ஒருவர் திருமணம் செய்ததும் அவரது குடும்பம் அந்தக் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவாகிறது. கோயில் வரியும் உரிமையும் அந்தப் புள்ளியின் கணக்கிலேயே வரும். கடல் கடந்த ஊரில் ஒருவருக்குக் கடன் கொடுப்பவர், வாங்குபவரின் கோயிலையும் ஊரையும் கேட்டாலே அவருடைய பங்காளிகள் யார், சொல் தவறினால் யாரிடம் போய்ப் பேசலாம் என்பதைத் தெரிந்துகொள்வார். அவர்களுக்குள் பணம் எழுத்தைவிட விரைவாகப் புழங்கியதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சமூகம் எப்போதும் வங்கியாளராக இருந்ததுமில்லை. 17 ஆம் நூற்றாண்டு நடப்புகளைச் சொல்லும் பழனிச் செப்பேடுகளில் அவர்கள் உப்பு வணிகர்களாகவே காட்சி தருகிறார்கள். நேமம் கோயிலைச் சேர்ந்த குமரப்பன் என்பவர் பழனிக்கு உப்பு கொண்டுபோய் விற்றார். விற்ற பணத்தில் ஒரு பங்கை முருகனுக்கென எடுத்துவைத்தார். அந்த ஒரு பங்குதான் மகமை. உப்பு போய் அரிசி வந்தது, அரிசி போய் உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டும் வட்டியும் வந்தன. மகமை மட்டும் போகவில்லை.

கடையின் அமைப்பையும் சொல்கிறேன். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கொழும்பிலோ ரங்கூனிலோ பினாங்கிலோ கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். பதின்மூன்று பதினான்கு வயதில் வந்து, கூட்டிப் பெருக்கி, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, இரவில் வாய்ப்பாடும் வட்டிக் கணக்கும் பழகுவான். மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். தவணை முடிந்ததும் ஊருக்குப் போய், தன் கணக்கை முதலாளி முன் விரித்துக் காட்டிய பிறகே அடுத்த தவணையைப் பற்றிப் பேச்செடுக்க முடியும். மேசை நாற்காலி கிடையாது. தரையில் பாய், முன்னால் சாய்வான மூடியுள்ள கைப்பெட்டி, மூடியே எழுதுபலகை, உள்ளே சாவிகளும் கடன்சீட்டுகளும்.

பேரேட்டின் முதல் ஏட்டில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் சிவமயம், அதற்கும் கீழே சுவாமி பெயரில் ஒரு வரவு. அன்றன்றைய நடப்பு, குறிப்பு என்னும் நாளேட்டில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரியும். பற்றும் வரவும் நேர்நின்றால்தான் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, கட்டும். கட்டாவிட்டால் விளக்கு அணையாது. கால் சதம் உதைத்தாலும் அது எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை எவரும் படுக்கப் போவதில்லை. என்னைப் பழக்கியவர் அந்தக் கால் சதத்தைத் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட ஒருபோதும் இடங்கொடுத்ததில்லை. காசு குறைவது பெரிதன்று, காரணம் தெரியாமல் குறைவதுதான் ஆபத்து என்பார்.

மாளிகைகளை மரபு என்று காட்டுகிறவர்களிடம் எனக்கு உள்ள குறை இதுதான். மாளிகை விளைச்சல். வேர் இந்தப் பெட்டியடியில் இருக்கிறது.

நெடுங்கேணியான் எழுதியது:

பேரேடு ஐயா, மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஐந்தொகை கட்டியதால் கடன்காரனின் வயிறு நிறைந்துவிடாது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930 இல் ஏறத்தாழ 6 வீதமாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938 இல் 25 வீதமாகிவிட்டது என்பது வரலாற்று நூல்களில் உள்ள கணக்கு. எட்டு ஆண்டுகளில் வயலை இழந்த அந்த விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கின் நேர்த்தி அச்சத்தையே கூட்டும். இலங்கையிலும் மேற்குக் கரைத் தென்னந்தோட்டங்கள் ஈட்டுக்கடனில் கைமாறின. 1918 இல் வட்டிக்கடன் சட்டமும் 1941 இல் கடன் இணக்கச் சட்டமும் சும்மா வரவில்லை.

வன்னியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வையுங்கள். 2009 இன் பின் மீள்குடியேறிய எங்கள் ஊர்களுக்கு நுண்கடன் நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளில் வந்தன. ஐந்து பெண்களை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கின. கிழமைக்கு கிழமை முற்றத்தில் வந்து நிற்பவரைக் கண்டு பின்வேலியால் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு அந்த முற்றங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

பேரேடு (வவுனியா) எழுதியது:

தம்பி, நான் வட்டியைப் புகழவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன எண்களுக்குப் பின்னால் இருந்த காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1930 களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. செட்டியாருக்குக் காசு வேண்டியிருக்கக் காணி வந்து சேர்ந்தது. விற்க முடியாத காணியைக் கையில் வைத்திருப்பது வட்டிக்காரனுக்கு ஆதாயமன்று, அவன் முதல் முடங்கிப் போனதன் அடையாளம். 1942 இல் யப்பானியர் வந்தபோது மூட்டை கட்டிக் காட்டுவழியாக நடந்து வந்தவர்களில் நகரத்தாரும் இருந்தார்கள். விடுதலைக்குப் பிந்திய பர்மாவின் நிலச் சட்டங்களிலும் 1960 களின் தேசியமயமாக்கலிலும் எஞ்சியதும் போயிற்று. இதனால் வயலை இழந்த விவசாயியின் துயரம் குறைந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இலங்கை நிலைமை வேறு மாதிரியானது. ஆங்கிலேய வங்கிகள் சுதேசிகளுக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கின. யார் நாணயமானவர் என்று அவற்றுக்குத் தெரியாது. செட்டியார் தன் பெயரில் வங்கியிடம் வாங்கி, தன் பொறுப்பில் கடைக்காரருக்கும் அரிசி வணிகருக்கும் தோட்ட உரிமையாளருக்கும் கொடுத்தார். இரண்டு வட்டிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே அவரது ஊதியம். 1925 இல் கொழும்பில் செட்டியார் கடைகள் முறிந்ததும் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. அப்போதுதான் உள்ளூர் வணிகத்துக்குக் கடன் கொடுக்க வேறு ஆளில்லை என்பது அரசுக்கு உறைத்தது. 1934 இல் பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்ததும், 1939 இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டதும் அந்த வெற்றிடத்தின் தொடர்ச்சிதான். இந்தியாவில் அவர்களே நவீன வங்கிக்கு மாறினார்கள். 1907 இல் தொடங்கிய இந்தியன் வங்கியில் அவர்களது முதலீடு இருந்தது. 1937 இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவர் சிதம்பரம் செட்டியார்.

நுண்கடனோடு ஒப்பிட்டதால் ஒன்று சொல்கிறேன். வட்டி வீதத்தை நகரத்தார் தனியாளாக வைத்துக்கொள்ளவில்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடித் தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்தார்கள். தமக்குள் இவ்வளவு ஒழுங்கு வைத்திருந்தவர்கள், வெளியாருக்குக் கொடுத்த கடனுக்கும் இதே அளவு சபைக் கட்டுப்பாடு வைத்திருந்தார்களா என்று கேட்டால், இல்லை. உங்கள் குற்றச்சாட்டு நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொழுந்துக்கூடை (கிளிநொச்சி) எழுதியது:

என் பெற்றோர் 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள். எங்கள் வீட்டில் செட்டியார் என்ற பெயருக்கு வேறொரு நினைவு உண்டு. தோட்டத்துக் கங்காணி ஆள்கட்டுவதற்கு முன்பணம் வாங்குவது செட்டியாரிடமிருந்து. அந்தக் கடன் கங்காணியின் கணக்கிலிருந்து இறங்கித் தொழிலாளியின் துண்டில், அதாவது அவன் கடனைக் காட்டும் சீட்டில், வந்து உட்காரும். தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளிக்கு இன்னொரு தோட்டம் பணம் கட்டித்தான் அவனைப் பெற வேண்டும். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. இந்தத் துண்டு முறை மட்டும் மாறாமல் 1921 வரை தொடர்ந்தது.

இருந்தாலும் 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது செட்டியாரும் இந்தியர், கங்காணியும் இந்தியர், கொழுந்து பறித்த என் பாட்டியும் இந்தியர் என்று ஒரே சட்டம் மூவரையும் ஒரே பக்கத்தில் தள்ளியது. செட்டியாருக்குத் திரும்பிப் போக ஒரு கல்வீடு இருந்தது. பாட்டிக்கு அங்கே யாருமில்லை. இந்த வேறுபாட்டையும் எவராவது எழுத வேண்டும்.

சொல்ல மறந்தேன்: ஆடிவேல் விழா பார்க்கக் கொழும்புக்குப் போனதைத் தாத்தா வாழ்நாள் முழுக்கப் பேசினார். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் தேரில் போகும். தேருக்கு முன் தேங்காய் மலைபோலக் குவியும். கொள்ளைநோய் அச்சத்தால் கதிர்காம யாத்திரைக்கு அரசு கட்டுப்பாடு விதித்த காலத்தோடு சேர்த்தே அந்த விழாவின் தொடக்கத்தைப் பேசுகிறார்கள்.

இழை நெறியாளர்:

தனிக் குடும்பங்களின் சாதியை அடையாளம் காட்டும் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இன்று வாழ்கின்ற எவருடைய குலத்தையும் இங்கே ஆராய வேண்டாம்.

அகல்விளக்கு (முல்லைத்தீவு) எழுதியது:

இவ்வளவு பேசியும் பெண்கள் ஒருவரும் கணக்கில் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற எழுத்து உண்டு. இரு வீட்டாரும் கைச்சாத்திடும் திருமண ஒப்பந்தம் அது. பெண்ணோடு வரும் சீர், பாத்திரம், நகை, பணம் எல்லாவற்றையும் பட்டியலாக எழுதி வைப்பதும் அவர்களுடைய வழக்கம். பெண்ணுக்கென்று வந்த பணம் கணவனின் சட்டைப்பையில் கரைவதில்லை. அதை நம்பிக்கையான கடையில் அவள் பெயரிலேயே வைப்பாக விட்டு, வட்டியை முதலோடு சேர்த்துவருவார்கள். கடல் கடந்த கடைகளின் முதலில் ஆச்சிமாரின், அதாவது நகரத்தார் வீட்டுப் பெண்களின், பணமும் கலந்திருந்தது. ஆண்கள் மூன்றாண்டுத் தவணையில் வெளிநாடு போய்விட, வீட்டையும் வரவுசெலவையும் உறவு முறைமைகளையும் நடத்தியவர்கள் அந்த ஆச்சிமார்தாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான நமது தேசவழமையும் சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகவே பிரித்து வைக்கிறது என்பதால் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர்களது பிள்ளையார் நோன்பு கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள். நாளுக்கு ஒரு நூலிழையாக எடுத்து வைத்து, நிறைவு நாளில் அவற்றைத் திரியாகத் திரித்து, மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்வார்கள். சஷ்டியும் சதயமும் கூடும் நாள் அது. எங்கள் ஊரில் அதே காலத்தில் பெருங்கதை விரதம்; அதுவும் 21 நாள், 21 இழைக் காப்பு, சஷ்டியில் நிறைவு. எங்கள் கோயிலில் வரத பண்டிதரின் பிள்ளையார் கதையைப் படிப்பார்கள். அம்மா வாசிக்கும்போது கொழுக்கட்டை அவியும் மணம் கோயில் மடப்பள்ளியிலிருந்து வரும், பிள்ளைகளாகிய எங்களுக்குக் கதையில் கவனம் இராது. இந்த ஒற்றுமை, நகரத்தாருக்கும் நமக்கும் பழந்தொடர்பு இருந்ததைக் காட்டவில்லையா?

மாந்தைமணல் (மன்னார்) எழுதியது:

அகல்விளக்கு அக்கா, ஒற்றுமை உண்மை. ஆனால் அதைக்கொண்டு குருதித் தொடர்பு என்று முடிவு கட்ட முடியாது. விநாயக சஷ்டி விரதம் சைவர்களுக்குப் பொதுவானது. ஒரே விரதத்தை அவர்கள் சுடரை விழுங்கி நிறைக்கிறார்கள், நாம் கதை படித்து நிறைக்கிறோம்.

தொடர்பைத் தேடுவதானால் எங்கள் பக்கம் வாருங்கள். மாதோட்டத்தில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுகள் இராசராச ஈச்சரம் என்ற கோயிலைப் பற்றிச் சொல்கின்றன. தாழிகுமரன் என்ற அதிகாரி அதைக் கட்டினான். அந்தத் துறைமுகத்துக் கோயில்களுக்கு விளக்கெரிக்க விட்ட காசை அவ்வூரிலிருந்த எண்ணெய் வணிகராகிய சங்கரபாடியாரும் வெற்றிலை வாணியரும் வாழைக்காய் வாணியரும் பொறுப்பேற்று, அதன் பலிசையிலிருந்து நிறைவேற்றினார்கள். வட்டியைத்தான் பலிசை என்றார்கள். ஆகவே, முதலைத் தொடாமல் வட்டியில் அறம் நடத்துவது மன்னார் மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

இதே முறையைச் செட்டிநாட்டின் வாசலில் உள்ள பிரான்மலையிலும் காணலாம். அங்குள்ள 13 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் வணிக கணத்தார் கூடி, உப்பு, நெல், மிளகு, பாக்கு, பருத்தி, இரும்பு என்று பொதிக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்க இசைகிறார்கள். பட்டணப்பகுடி என்பது அதன் பெயர். ஐந்நூற்றுவரின் வாரிசுகள் நகரத்தார் என்று சொல்லச் சான்றில்லை. ஆனால் பட்டணப்பகுடி கொடுத்த கையும் மகமை எடுத்துவைத்த கையும் ஒரே பாடத்தைப் படித்த கைகள். பேரேடு ஐயா சொன்ன வேர், சாதியைவிடப் பழமையானது என்பது என் எண்ணம்.

நகரத்தார் நம் பக்கத்துக்கு நேரடியாகச் செய்த பணி என்றால் திருக்கேதீச்சரத்தைச் சொல்ல வேண்டும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து காடாகிக் கிடந்தது. 1872 இல் ஆறுமுக நாவலர் அதை மீட்க வேண்டும் என்று எழுதினார். அவர் மறைந்த பின், 1893 இல் காணி ஏலத்தில் வாங்கப்பட்டது. காட்டை வெட்டிச் சிறிய கோயில் அமைத்துப் பூசை நடத்தியதில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பங்கு பெரிது. 1948 இல் திருப்பணிச் சபை அமைந்து, சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று நடத்திய திருப்பணிக்கு அந்தச் சிறிய கோயிலே அடி. வன்னியில் அவர்களது பெயரை எழுதுவதானால் அங்கே எழுதலாம்.

நெடுங்கேணியான் எழுதியது:

மாந்தைமணல் அண்ணை தந்த செய்திகளை ஏற்கிறேன். ஆனால் விளக்குக்கு எண்ணெய் விட்ட பலிசையைக் கட்டியவன் யார் என்பதையும் கல்வெட்டில் தேட வேண்டும் என்பேன். மகமை என்பது இலாபத்தில் ஒரு பங்கு. இலாபம் எங்கிருந்து வந்தது என்ற வினா மகமையால் தீராது. அண்ணாமலை செட்டியார் 1929 இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் நம் விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்; அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரிகளை எழுப்பியதோடு தம் வீட்டையும் பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். இவற்றையெல்லாம் மதிக்கிறேன். மதிப்பும் கேள்வியும் ஒரே பதிவில் இருக்கலாம் அல்லவா?

குளக்கட்டு (செட்டிகுளம்) எழுதியது:

தாராளமாக இருக்கலாம், தம்பி. சிறுநூலில் அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டோம். வீரநாராயணச் செட்டியைப் பற்றியது ஐதீகம் என்ற தலைப்பின் கீழேயே வரும். பதவியாக் கல்வெட்டுகளும் மாதோட்டமும் அதற்கடுத்த இயலில் வரும். நகரத்தார் திருக்கேதீச்சரம் பற்றிய பக்கத்தில் வருவார்கள். கொழுந்துக்கூடை எழுதிய துண்டுமுறையையும் அவர் இசைந்தால் சேர்க்க விரும்புகிறோம், ஏனென்றால் எங்கள் பிரதேசத்தில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல உள்ளன.

மாளிகைகள் பற்றி ஒரு சொல். சென்ற ஆண்டு தலயாத்திரையாகப் பிள்ளையார்பட்டிக்குப் போனபோது காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவில் நடந்தேன். பழம்பொருட் கடைகளின் முன்னே தேக்குத் தூண்கள் சாத்தியிருந்தன; செதுக்கிய நிலைகள், கதவுகள், பித்தளைத் தாழ்கள், சீர்ப் பாத்திரங்கள். ஒரு நிலையின் மேற்கட்டையில் கசலட்சுமி. அதன் கீழே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த தடம் இன்னும் அழியவில்லை. பங்காளிகள் பலராகப் பெருகி, பராமரிக்க ஆளின்றி, பிரித்து விற்ற வீடுகளுடையவை என்றார்கள். நாம் 2008 இல் கூரைத் தகட்டையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தோம். அவர்கள் குண்டுக்குப் பயந்து கழற்றவில்லை, பாகப்பிரிவினையில் கழற்றினார்கள். எனினும் நிலையில்லாத வாசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தெருவில் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

கொழுந்துக்கூடை (கிளிநொச்சி) எழுதியது:

ஆசிரியர் ஐயா, தாராளமாகச் சேருங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.

பேரேடு ஐயாவிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். தாத்தாவின் தகரப்பெட்டியில் பழைய கடன்சீட்டு ஒன்று இருக்கிறது. எழுத்து தமிழ்தான்; ஆனால் தொகையும் தேதியும் எனக்குப் பிடிபடவில்லை. ஆண்டின் பெயர் பிரபவ என்று தெரிகிறது. எப்படி வாசிப்பது?

பேரேடு (வவுனியா) எழுதியது:

பிரபவ ஆண்டு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1867 ஆகவோ 1927 ஆகவோ இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் முத்திரையில் அரசர் தலையா அரசியார் தலையா என்று பாருங்கள், விக்டோரியா என்றால் முந்தியது. ஆண்டுப் பெயரை அடுத்து ௵ என்ற குறி இருக்கும். மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳.

தொகை தமிழ் எண்ணில் இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். முன்னால் நிற்கும் இலக்கம் எத்தனை பத்து, எத்தனை நூறு என்பதைச் சொல்லும். ஆகவே ௩௱௫௰ என்றால் முந்நூற்றைம்பது. ரூபாய்க்கு ௹ என்ற குறி வரும். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. அடிக்கடி வரும் ௸ என்பது மேற்படி. அதைத் தொகையின் பகுதியாக எண்ணிவிடாதீர்கள், பலர் அங்கேதான் தடுமாறுவார்கள். பின்னக் குறிகள் இருந்தால் அவை கை எழுத்துக்குக் கை வேறுபடும் என்பதால் படத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

சீட்டைப் படமெடுத்து அனுப்பும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். கட்டிய தவணைகளைப் பின்பக்கத்தில்தான் எழுதுவார்கள். கடன் தீர்ந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கும்.